நிப்பா காலத்துப் பீதியைப் பேசும் ‘வைரஸ்’ படத்தை எஸ்டேட் ஊரில் திரையிட்டு உரையாடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆஷிக் அபு இயக்கத்தில் 2019 ஜூன் 7 அன்று வெளிவந்த ‘வைரஸ்’ என்னும் மலையாளப் படம், 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் பரவி 17 உயிர்களைப் பறித்த நிப்பா நோயை நாடகமாக்கிச் சொல்கிறது. அந்த நோய்க்குப் பெயர் கொடுத்த சுங்கை நிப்பா கிராமம் இருப்பதோ மலேசியாவில் நமது நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக் பகுதியில். ரந்தாவ், லுக்குட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அங்கே சென்றுவிடலாம். ஆகையால் இந்தப் படத்தை நம் ஊர் மண்டபத்தில் திரையிடும்போது நாம் வேற்று நாட்டுக் கதை ஒன்றைப் பார்ப்பதில்லை. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு நாடுகளில் நடந்த ஒரே கதையின் பிற்பகுதியைப் பார்க்கிறோம்.

ஒரு கொள்ளைநோய் வந்தால் மக்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது என்பது முதல் கேள்வி. அதற்கு விடை தேடுகிறவர்கள் மருத்துவர்களும் ஆய்வாளர்களும். விடை கிடைத்தால் உயிர்கள் பிழைக்கும். இதைக் கொண்டுவந்தவர் யார் என்பது இரண்டாவது கேள்வி. அதற்குக் கடைத்தெருவும் கைப்பேசியும் சில மணி நேரத்திலேயே விடை சொல்லிவிடுகின்றன. அந்த விடை பெரும்பாலும் ஓர் இனத்தின் பெயராகவோ மதத்தின் பெயராகவோ இருக்கும். முதல் கேள்வி எந்த இடத்தில் இரண்டாவது கேள்வியாக மாறுகிறது என்பதைக் கவனிக்கப் பார்வையாளரைப் பழக்குவதே இந்தத் திரையிடலின் நோக்கம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு நோக்கத்துக்காகவே அமைக்கப்பட்டவை.

படி 1: ஏற்பாட்டாளர் படத்தை முன்கூட்டியே இரண்டு முறை பார்க்க வேண்டும்

படம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடுகிறது. பாத்திரங்கள் மிக அதிகம். தொடக்க அரைமணி நேரத்தில் யார் மருத்துவர், யார் நோயாளி, யார் யாருக்கு உறவு என்பது மலையாளம் தெரிந்தவருக்குக்கூடக் குழப்பமாகவே இருக்கும். முதல் முறை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, யார் யாருக்கு அஞ்சினார்கள், என்ன ஆதாரத்தின் பேரில் அஞ்சினார்கள், அந்த அச்சத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று மூன்று பத்திகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பே பின்னர் உரையாடலுக்கு உங்கள் துணை.

நான்கு இடங்களில் தனிக் கவனம் தேவை. முதலாவது, ரீமா கல்லிங்கல் நடித்த அகிலா என்னும் தாதியின் பகுதி. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்து, நோய் தொற்றி, 2018 மே 21 அன்று உயிரிழந்த லினி என்ற தாதியை நினைவில் கொண்டு அமைக்கப்பட்ட பாத்திரம் அது. அந்த நாட்களில் அதே மருத்துவமனைத் தாதியரைப் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள் என்று செய்திகள் வந்தன. நோயாளிக்காக உயிரைக் கொடுத்தவரைப் போற்றிய ஊரே, உயிரோடு இருந்து பணி செய்தவர்களைக் கண்டு ஒதுங்கியது. படம் அதிகாரிகளின் அறைகளிலேயே நெடுநேரம் செலவிட்டுவிட்டுச் சாதாரண மக்களின் பீதியைச் சில காட்சிகளில் கடந்துவிடுகிறது என்பது என் கருத்து. அந்தக் குறையை நீங்கள் தகவல் கொடுத்து நிரப்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது, ஜோஜு ஜார்ஜ் நடித்த பாபு. மருத்துவமனையில் தற்காலிக ஊழியராக இருக்கும் இவரைப் போன்றவர்கள்தான் நோயாளியை மிக அருகில் சென்று தொடுகிறவர்கள். ஆனால் வேலை நிரந்தரமோ பாதுகாப்போ அவர்களுக்கு இல்லை. ஒப்பந்தக்காரரின் கீழ் துப்புரவு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் இந்தப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லப்போவதை வேறு எவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, இறந்தவர்களின் உடலை எரிப்பதா, புதைப்பதா, அதை யார் செய்வது என்ற விவாதம். இதைப் பார்க்கும்போது, 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கி விரட்டிய நிகழ்வு தமிழர்கள் பலருக்கும் நினைவுக்கு வரும். தானாகவே வரட்டும், நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துச் சொல்ல வேண்டாம்.

நான்காவதே படத்தின் அச்சாணி. முதலில் நோய் கண்டவர் என்று கருதப்படும் ஜக்கரியா ஒரு முஸ்லிம் இளைஞர். நோயின் மூலம் தெரியாத நிலையில், இது திட்டமிட்ட உயிரியல் தாக்குதலாக இருக்கலாம் என்ற சந்தேகம் அதிகாரிகள் மட்டத்திலேயே எழுகிறது. இறந்துபோன அந்த இளைஞரின் வாழ்க்கை முழுவதும் விசாரணைக்கு உள்ளாகிறது. இன்னொரு பக்கம், பார்வதி நடித்த அன்னு என்னும் இளம் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியும் எந்த நாளில் எந்த வார்டில், எந்தத் தாழ்வாரத்தில் இருந்தார் என்று பொறுமையாகக் கேட்டு, ஒருவரிலிருந்து மற்றவருக்கு நோய் சென்ற பாதையை வரைகிறார். அதிகாரிகளும் அன்னுவும் தேடுவது ஒரே மனிதனின் கடைசி நாட்களைத்தான். ஆனால் அன்னு தேடுவது நோயின் பாதையை, அதிகாரிகள் தேடுவது குற்றவாளியை. படத்தின் இறுதிக் காட்சி எங்கிருந்து என்ற கேள்விக்கு விடை தருகிறது. யார் என்ற கேள்வியைப் பொருளற்றதாக்கிவிடுகிறது. அது என்ன காட்சி என்பதை அழைப்பிதழிலோ முன்னுரையிலோ சொல்லிவிடாதீர்கள்.

படி 2: நம் மண்ணில் நடந்ததைத் தெரிந்துகொண்டு வர வேண்டும்

1998 செப்டம்பர் வாக்கில் பேராக் மாநிலத்தில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் கடும் காய்ச்சலும் மூளை வீக்கமும் கண்டன. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. அந்த நோயைக் கொசு பரப்பும் என்பதால் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு சேர்ந்து அது நெகிரி செம்பிலானுக்கு வந்து, நாட்டின் மிகப் பெரிய பன்றிப் பண்ணைப் பகுதிகளுள் ஒன்றாக இருந்த புக்கிட் பெலாண்டோக்கில் 1999 தொடக்கத்தில் பெரும் சேதம் விளைவித்தது.

தவறான கணிப்பை மறுக்கும் அடையாளங்கள் கண்ணெதிரேயே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களில் மிகப் பலர் பண்ணை வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்கள். கொசு எல்லாரையும் கடிக்கும் என்றாலும், அருகிலேயே வாழ்ந்து பன்றியோடு தொடர்பே இல்லாதவர்களுக்கு நோய் வரவில்லை. பன்றிகளே குரைப்பது போல் இருமின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் மாதிரியிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ஆய்வகத்தில் அது உறுதிசெய்யப்பட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். இராணுவத்தை இறக்கிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பழந்தின்னி வௌவால்களே வைரஸின் இயற்கை இருப்பிடம் என்பதும், பன்றிக் கொட்டகைகளை ஒட்டி வளர்ந்திருந்த பழமரங்களுக்கு அவை வந்துபோனதும் பிறகு தெரியவந்தன.

இந்த வரலாற்றில் நம்மவர்களுக்கும் இடம் உண்டு. இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனப் பண்ணைக்காரர்கள் என்றாலும், அந்தப் பண்ணைகளில் கூலி வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களும் நோயுற்றார்கள். பன்றி சம்பந்தப்பட்ட நோய் என்றதும் அது ‘அவர்கள்’ நோய் என்று ஒதுக்கிவைப்பது பல இனங்கள் வாழும் இந்நாட்டில் எவ்வளவு எளிது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணைக்காரர் இழந்தது உறவையும் தொழிலையும் மட்டுமா, ஊர்ப் பெயரே நோயின் பெயராகிவிட்டது. 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயரையோ மக்கள் பெயரையோ சூட்ட வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. சுங்கை நிப்பாவுக்கு அது மிகவும் தாமதம்.

படம் முடிந்தபின் உரையாடலில் இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மலேசியாவில் நோய் பெரும்பாலும் பன்றியிலிருந்து மனிதருக்கு வந்தது. கேரளத்தில் மனிதரிடமிருந்து மனிதருக்கு, அதுவும் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே, பரவியது. இதைச் சொல்லாவிட்டால் கூட்டம் முடிந்ததும் பன்றி இறைச்சியைப் பற்றிய வீண் அச்சத்தோடு நான்கு பேர் வீடு திரும்புவார்கள். பீதியைப் பற்றிப் பேச வந்த நாமே ஒரு பீதியை விதைத்ததாகிவிடும். முடிந்தால், திரையிடலுக்கு முன் ஏற்பாட்டுக் குழுவினர் சுங்கை நிப்பாவில் அந்த நாட்களின் நினைவாக அமைந்துள்ள சிறிய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

படி 3: அனுமதியும் உரிமையும்

வீட்டில் சந்தா கட்டிப் பார்க்கும் இணையச் சேவை தனிப்பட்ட பார்வைக்கு மட்டுமே உரியது. அதைக் கோயில் மண்டபத்தில் பெரிய திரையில் ஓட்டுவது பொதுத் திரையிடல் ஆகிவிடும். படத்தின் உரிமையாளரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்துப்பூர்வமாக அனுமதி பெற வேண்டும். 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி பொதுவில் காட்டப்படும் படத்துக்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவை. உங்கள் நிகழ்ச்சிக்கு எந்த உரிமம் வேண்டும் என்பதை ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் அவரவர் வீட்டில் குடும்பத்தோடு படத்தைப் பார்த்துவிட்டு, வார இறுதியில் உரையாடலுக்கு மட்டும் ஒன்றுகூடலாம். சந்தா இல்லாத வீட்டாரைச் சந்தா உள்ள உறவினர் அழைத்துக்கொள்ளட்டும்.

படி 4: யாரை அழைப்பது, எப்போது அழைப்பது

பால்மரம் வெட்டுகிறவர்களும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களும் விடியுமுன் எழுகிறவர்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் படம், இடைவேளை, உரையாடல் எல்லாம் சேர்ந்து இரவு ஒன்பதரைக்குள் முடியும். நோயாளிகள் துடிக்கும் காட்சிகள் இருப்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற படம் இல்லை. தமிழ்ப்பள்ளியின் ஓர் அறையில் அவர்களுக்கு வேறு ஏதாவது ஏற்பாடு செய்தால்தான் தாய்மார்கள் மன அமைதியோடு உட்கார முடியும்.

அழைப்பு கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஊரின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களிலும் போகட்டும். ஆனால் சிலரை நேரில் சென்று அழைக்க வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பணிபுரியும் தாதி, மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், 1999-இல் நடுத்தர வயதில் இருந்த பெரியவர்கள், பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரியின் நினைவு உள்ளவர்கள், சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்) நிர்வாகத்தினர், கடைத்தெருச் சீனக் குடும்பத்தினர் ஆகியோர் அந்தப் பட்டியலில் முதலில் இருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கில வசன வரிகள் வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டு, கிடைக்கும் பிரதியைச் சோதித்து வையுங்கள். ஓர் இனத்தார் மட்டும் கூடி உட்கார்ந்து வெறுப்பைப் பற்றிப் பேசினால் மற்றவர்களின் வெறுப்பைப் பற்றி மட்டுமே பேசுவார்கள்.

படி 5: படம் தொடங்குமுன் ஐந்து நிமிடம்

முன்னுரை நீள வேண்டாம். இரண்டு கேள்விகளைச் சொல்லுங்கள். முக்கியப் பாத்திரங்கள் ஆறேழு பேரின் பெயரையும் தொழிலையும் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் திரைக்கு அருகே மாட்டுங்கள். முதியவர்களுக்கு இது பேருதவி. புக்கிட் பெலாண்டோக் வரலாற்றை இப்போது சொல்லக் கூடாது. சொன்னால் நோயின் மூலம் என்ன என்று முன்பே தெரிந்துவிடும், யாரையும் சந்தேகிக்க மாட்டார்கள். சந்தேகம் எப்படிப் பிறக்கிறது என்பதைத் தமக்குள்ளேயே பார்க்கும் வாய்ப்பு போய்விடும்.

படி 6: இடைவேளையில் ஒரு துண்டுச்சீட்டு

தேநீருக்கு எழுமுன் எல்லாருக்கும் ஒரு சிறு தாளைக் கொடுத்து, இந்த நோய் எப்படி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள், யார் மீதாவது ஐயம் உண்டா, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். எழுத இயலாதவர் தம்பி தங்கையரிடம் சொல்லி எழுதட்டும். பெட்டியில் போட்டதும் மூடிவிடுங்கள். இடைவேளையில் விவாதத்தை வளர விடாதீர்கள்.

படி 7: உரையாடல்

படம் முடிந்ததும் சில நிமிடம் எவரும் பேச வேண்டாம். பிறகு முதல் பேச்சைத் தாதிக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ கொடுங்கள். தலைவர்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர்களை ஒட்டியே பேசுவார்கள். எங்கள் ஊர்க் கூட்டங்களில் இந்த வழக்கத்தை உடைப்பது கடினம்தான், ஆயினும் இந்த ஒரு இரவுக்காவது அதை முன்பே நிர்வாகத்தாரிடம் பேசி இசைவு பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெட்டியைத் திறந்து சீட்டுகளைப் படியுங்கள். எழுதியவர் யார் என்று ஊகிக்கும் பேச்சுக்கு இடம் தராதீர்கள். ஜக்கரியாவைச் சந்தேகித்த சீட்டுகள் இருந்தால், அந்தச் சந்தேகத்துக்குப் படம் அதுவரை கொடுத்திருந்த ஆதாரம் என்ன என்று சபையைக் கேளுங்கள். பயணம் செய்தார், படங்கள் எடுத்தார், கேள்விக்குப் பதில் சொல்ல உயிரோடு இல்லை என்று சிலவற்றைச் சொல்வார்கள். வேறு பெயருள்ள ஓர் இளைஞர் இதையெல்லாம் செய்திருந்தால் இதே சந்தேகம் வந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

இந்த இடத்தில் புக்கிட் பெலாண்டோக்கைச் சொல்லுங்கள். கொசு என்று ஒரு தவறான விடையைப் பிடித்துக்கொண்டு மாதங்களை இழந்த கதையைக் கேட்டதும், தவறான விடை மனிதரைக் குறிப்பதாக இருந்தாலும் கொசுவைக் குறிப்பதாக இருந்தாலும் அதன் விலை உயிர்தான் என்பது சபைக்குத் தானே புலப்படும். 1999-ஐ நேரில் கண்ட பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பேசவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

உரையாடலின் கடினமான பகுதி இதற்குப் பிறகே வரும். “தம்பி, நீ சொல்வது எல்லாம் சரி. ஆனால் 2020-இல் அவர்கள் கூட்டம் கூடியதால்தானே பரவியது?” என்று ஒருவர் கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த தப்லீக் என்னும் இஸ்லாமியச் சமயக் கூட்டத்தைச் சுட்டிக் கேட்பார். கேட்பவரை வாயடைக்காதீர்கள், அந்தக் கூட்டத்தில் நோய் பரவியது உண்மை. “ஆமாம் ஐயா, பரவியது. கலந்துகொண்டவர்களைக் கண்டுபிடித்துப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் முன்வர வேண்டும். திட்டினால் முன்வருவார்களா?” என்று கேளுங்கள். பிறகு சிவகங்கைத் தொற்றுத்தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 2020-இல் தமிழகத்தின் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவர் தனிமைப்படுத்தல் விதியை மீறினார், நீதிமன்றம் தண்டித்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொற்றுத்தொடர் தமிழ் மாவட்டம் ஒன்றின் பெயரால் நாள்தோறும் செய்தியில் வந்தது. அதில் கண்டறியப்பட்ட டி614ஜி என்னும் திரிபு அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டிருந்தும், அதை இந்தியர்கள் கொண்டுவந்ததாகவே பலர் பேசினார்கள். ஒருவர் செய்த தவறு எப்படி ஓர் இனத்தின் மேல் ஏற்றப்பட்டது என்பதை நம்மவர்கள் தங்கள் தோலிலேயே உணர்ந்த தருணம் அது. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டால் போதும்.

இதோடு நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றும், ஏனென்றால் சபை இப்போது ஒத்த மனத்தோடு இருக்கும். நிறுத்தாதீர்கள். தோட்டத்தில் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளில் இன்று வசிப்பவர்களில் பலர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர். நாளை ஒரு நோய் வந்தால் நம் ஊரில் முதல் விரல் யாரை நோக்கி நீளும் என்று கேளுங்கள். 2020 மே முதல் நாளன்று, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாவை ஒட்டிய, கடும் கட்டுப்பாட்டில் இருந்த கட்டடங்களில் குடிநுழைவுத் துறை சோதனை நடத்தி ஆவணமற்ற தொழிலாளர்களைப் பிடித்ததையும், பரிசோதனைக்கு வந்தால் பிடிபடுவோம் என்ற அச்சம் அதனால் பரவும் என்று பலர் எச்சரித்ததையும் நினைவுபடுத்துங்கள். அன்னு போன்ற ஒருவர் நம் ஊருக்கு வந்து, யாரோடு இருந்தாய், எங்கே போனாய் என்று அந்தத் தொழிலாளியைக் கேட்டால் அவர் உண்மையைச் சொல்லத் துணிவாரா? அஞ்சுகிறவர் மறைப்பார், மறைத்த இடத்தில் நோயின் பாதை அறுந்துபோகும். நம்முடைய பாட்டன்மார் இதே லயத்தில் வெளிநாட்டுக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் என்பதை இங்கே எவராவது ஒரு பெரியவர் சொல்வார். சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

கோபம் எழுந்தால் ஒரு விதியை மட்டும் கடைப்பிடியுங்கள்: எந்தக் குற்றச்சாட்டுக்கும் அந்தத் தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று மரியாதையோடு கேட்பது. “அக்கா, இதை யார் சொன்னது?” என்ற கேள்வி வாதத்தைவிட விரைவில் சூட்டைத் தணிக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் உரையாடலை இழுக்க வேண்டாம்.

படி 8: கூட்டம் கலையுமுன் எழுதி வைக்க வேண்டியவை

நான்கு பெயர்களைப் பெற்றுக்கொள்ளாமல் விளக்கை அணைக்காதீர்கள். ஊர்ப் புலனக் குழுவில் நோய் பற்றி வரும் செய்தியைச் சுகாதார அமைச்சின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து அன்றே பதில் போடுவதற்கு ஒருவர். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்குச் சமைத்த உணவும் மளிகையும் கொண்டுபோய் வாசலில் வைப்பதற்கு ஒருவர். லயன் வீடுகளில் உள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் அவர்கள் அறிந்த மொழியில் பேசக்கூடிய ஒருவர். இறப்பு நேர்ந்தால் சுடுகாட்டு ஊழியருக்கும் குடும்பத்துக்கும் இடையே நின்று, மருத்துவமனை சொல்லும் பாதுகாப்பு முறையை விளக்கக்கூடிய ஒருவர். இதற்குக் கோயில் நிர்வாகத்தைச் சேர்ந்தவரே பொருத்தம். இவர்களுடைய எண்களைக் கிளினிக் தாதியிடம் ஒரு பிரதியும், தோட்ட அலுவலகக் கிராணியிடம் ஒரு பிரதியும் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஆடித் திருவிழாக் கூட்டத்தின்போது எண்கள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.